கல்லூரி விடுதிக்குப் படுக்கை வாங்குதல்: கட்டிலை அளப்பது முதல் கொசுவலை கட்டுவது வரை

முதலாண்டு மாணவர்கள் விடுதியில் சேரும் நாட்களில் அறை ஒதுக்கும் வேலையில் பல முறை இருந்திருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் அதே சிக்கல்கள்தான். கட்டிலைவிட ஆறு அங்குலம் நீளமான மெத்தை கால்மாட்டில் தொங்கும். வீட்டு இரட்டைக் கட்டிலுக்கு வாங்கிய விரிப்பைக் கொண்டுவந்த மாணவி, அதை ஒரு பக்கெட்டில் அமுக்கித் துவைக்க முடியாமல் திணறுவாள். அக்டோபரில் மழை பிடித்ததும், இரண்டே விரிப்பு வைத்திருப்பவர்கள் ஈரத் துணியின் மேல் படுப்பார்கள்.

கடையில் கையால் அழுத்திப் பார்த்து, மென்மையைக் கொண்டு முடிவு செய்வதால்தான் இவ்வளவும் நேர்கின்றன. விடுதியில் ஒரு படுக்கை நன்றாக உழைக்குமா என்பதை அது கட்டிலில் பொருந்துகிறதா, நீங்களே துவைக்க முடியுமா, மழை நாளில் காயுமா, விடுமுறையில் தூக்கிச் செல்ல முடியுமா என்ற நான்கு கேள்விகள் தீர்மானிக்கின்றன. கீழே உள்ள வரிசை அந்தக் கேள்விகளை ஒட்டியது. தமிழ்நாட்டு விடுதிகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

1. வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியவை

சேர்க்கை முடிந்ததும் விடுதி அலுவலகத்தையோ அங்கே படிக்கும் ஒருவரையோ கேட்டுவிடுங்கள். மெத்தை விடுதியே தருகிறதா? கட்டில் தனியா, மேலும் கீழுமாக இரண்டடுக்கா? துணி காயப்போட மொட்டைமாடி திறந்திருக்குமா, வராந்தாக் கொடி மட்டும்தானா? துவைக்கும் இயந்திரம் உண்டா? சன்னல்களில் கொசுவலைக் கம்பி இருக்கிறதா? கோடை விடுமுறையில் அறையைக் காலி செய்ய வேண்டுமா?

கடைசிக் கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. ஆண்டுதோறும் அறையைக் காலி செய்யச் சொல்லும் விடுதி என்றால், பஸ்ஸில் ஏற்ற முடியாத மெத்தை மே மாதத்தில் பெரும் சுமையாகிவிடும். மொட்டைமாடி பூட்டியிருந்தால் இலவம்பஞ்சு மெத்தையைக் காயவைக்க வழி இருக்காது. ஆகவே பதில்கள் கைக்கு வரும்வரை எதையும் வாங்காதீர்கள்.

மெத்தை விடுதியிலேயே தருகிறார்கள் என்றால் மூன்றாவது படியை விட்டுவிட்டு நான்காவதற்குப் போகலாம். ஆனால் நான்காவதைத் தவிர்க்கவே கூடாது. அந்த மெத்தையில் உங்களுக்கு முன் எத்தனை பேர் படுத்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

2. கட்டிலை அளத்தல்

ஒற்றைக் கட்டில்கள் எல்லாம் ஒரே அளவு என்று நம்பிக் கடைக்குப் போவதுதான் முதல் தவறு. கடைகளில் ஒற்றை மெத்தை 72, 75, 78 அங்குல நீளங்களில் கிடைக்கிறது. அகலம் 30 அல்லது 36 அங்குலம். விடுதிக் கட்டில்கள் பெரும்பாலும் ஆறடி நீளம், அதாவது 72 அங்குலம். அகலம் மூன்றடியாகவும் இருக்கலாம், இரண்டரை அடியாகவும் இருக்கலாம்.

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு நேரில் போக முடிந்தால் மிக நல்லது. முடியாவிட்டால் அங்கிருக்கும் மாணவர் ஒருவரை அளந்து சொல்லச் சொல்லுங்கள். இரும்புச் சட்டத்தின் உள்ளளவைத்தான் எடுக்க வேண்டும். பலகை சட்டத்துக்குள் இறங்கி உட்காரும் கட்டிலில் வெளியளவை எடுத்தால், மெத்தை ஓர் ஓரத்தில் மேடேறி நிற்கும்.

இரண்டடுக்குக் கட்டிலில் மேலும் இரண்டு அளவுகள் தேவை. மேல்தட்டுக்காரர் பக்கத் தடுப்புக் கம்பியின் உயரத்தை அளக்க வேண்டும். மெத்தை போட்ட பிறகும் அதற்கு மேல் குறைந்தது 5 அங்குலத் தடுப்பு மிஞ்ச வேண்டும். தூக்கத்தில் புரண்டால் காப்பது அதுதான். கீழ்த்தட்டுக்காரர் தன் பலகைக்கும் மேல் பலகைக்கும் இடையிலுள்ள உயரத்தை அளக்க வேண்டும். உட்கார்ந்தால் தலை இடிக்குமா, கொசுவலை நிற்குமா என்பதை அந்த அளவு சொல்லிவிடும்.

பலகை முழுப் பரப்பாக இருக்கிறதா, இடைவெளி விட்ட இரும்புப் பட்டைகளா என்பதையும் பாருங்கள். பட்டைகள் என்றால் மெத்தைக்கு அடியில் ஒரு கோரைப்பாயோ தடித்த ஜமக்காளமோ வேண்டும். இல்லாவிட்டால் மென்மையான மெத்தை இடைவெளிகளுக்குள் பிதுங்கி, சில மாதங்களில் அப்படியே தடம் விழுந்துவிடும்.

3. மெத்தையைத் தேர்தல்

பணத்தில் பெரும்பங்கு இங்கே போவதுதான் முறை. நான்கு ஆண்டுகள் முதுகு இதன் மேல் கிடக்கப்போகிறது. வண்ண விரிப்புகளிலும் குட்டித் தலையணைகளிலும் செலவழித்துவிட்டு, மிஞ்சியதில் மெத்தை வாங்குவது தலைகீழ் வரிசை.

இலவம்பஞ்சு மெத்தை நம் வெப்பத்துக்கு ஏற்றது. இலவம் இழை உள்ளே குழலாக இருப்பதால் எடை குறைவு, உடல் சூட்டைத் தேக்கிவைக்காது. ஆறுக்கு மூன்றடி மெத்தைக்கு ஏழெட்டு முதல் பத்து கிலோ வரை பஞ்சு பிடிக்கும். கடையில் கண்முன்னே நிறுத்து அடைக்கச் சொல்லுங்கள். பழைய பஞ்சையோ ஆலைக் கழிவுப் பஞ்சையோ கலந்தால் எடை கூடும், சில மாதங்களில் கட்டிதட்டும். மேலுறைத் துணி நெருக்கமாக நெய்யப்பட்டிருக்க வேண்டும். தளர்ந்த நெசவில் இலவம் இழை வெளியேறி அறையெங்கும் பறக்கும். ஆஸ்துமாவும் தூசு ஒவ்வாமையும் உள்ளவர்கள் இதைத் தவிர்த்துவிடலாம். மற்றவர்கள் மாதம் ஒருமுறை வெயிலில் போட முடியுமென்றால் தயங்காமல் வாங்கலாம். புதிதில் ஐந்து அங்குலம் உப்பி நிற்பது நாளடைவில் மூன்றாக அமுங்கும், அது இயல்பு. வெயிலில் காயவைத்துத் தட்டினால் ஓரளவு எழும்பும்.

தென்னைநார் மெத்தை உறுதியானது, காற்றோட்டமும் உண்டு. முதுகுவலி உள்ள சிலர் இதையே விரும்புகிறார்கள். ஆனால் இதை மடிக்கக் கூடாது. மடித்த இடத்தில் நார் உடைந்து பள்ளம் விழும். சொந்த வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, படிப்பு முடியும்வரை அதே விடுதியில் வைத்திருக்க முடிபவர்களுக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

ஃபோம் மெத்தையில் தடிமனைவிட அடர்த்தி முக்கியம். அடர்த்தி எண் என்பது ஒரு கன மீட்டர் ஃபோமின் கிலோ எடை. 32 அல்லது அதற்கு மேல் என்றால் சில ஆண்டுகள் அமுங்காமல் இருக்கும். எண் குறிப்பிடாத மெத்தையைக் கைமுட்டியால் அழுத்திப் பாருங்கள். அடிப்பலகை சுலபமாகக் கைக்குத் தட்டுப்பட்டால், இரவெல்லாம் இடுப்பும் அப்படித்தான் இறங்கும். நான்கு அங்குலத் தடிமன் போதும். மேல்தட்டுக்கு அதற்கு மேல் வேண்டவே வேண்டாம். தடுப்புக் கம்பியின் உயரத்தை மெத்தையே விழுங்கிவிடும். ஃபோம் சூட்டைப் பிடித்துவைக்கும் என்பதால், சென்னையிலும் திருச்சியிலும் மின்விசிறிக்கு நேர்கீழே இல்லாத கட்டில்களில் ஏப்ரல், மே இரவுகள் கடினமாக இருக்கும். அந்த நாட்களில் விரிப்புக்கு மேல் ஒரு மெல்லிய கோரைப்பாய் விரித்துப் படுத்தால் முதுகு வேர்ப்பது நன்றாகக் குறையும்.

மடிப்பு மெத்தை வாங்குபவர்கள் மடிப்பு எங்கே விழுகிறது என்று பாருங்கள். இரண்டாக மடியும் 72 அங்குல மெத்தையில் தையல் சரியாக 36ஆவது அங்குலத்தில் வரும். படுத்தால் பலருக்கும் இடுப்பு விழும் இடம் அதுதான். மூன்றாக மடிவதில் தையல்கள் 24, 48 என்று அமைவதால், தோளுக்குக் கீழும் தொடைக்கு அடியிலும் விலகிப்போகின்றன. பஸ்ஸில் போய்வருபவர்களுக்கும் ஆண்டுதோறும் அறை மாறுபவர்களுக்கும் மூன்று மடிப்பு ஃபோம் மெத்தைதான் என் தேர்வு.

முடித்துச் செல்லும் மூத்த மாணவர்களிடம் மெத்தையை மலிவாக வாங்கும் வழக்கம் உண்டு. மேசை விளக்கை வாங்கிக்கொள்ளுங்கள், பக்கெட்டை வாங்கிக்கொள்ளுங்கள். மெத்தையும் தலையணையும் வேண்டாம். மூட்டைப்பூச்சி அறைக்கு அறை பரவும் வழிகளில் இது முக்கியமானது.

4. மெத்தை உறை

மெத்தையைத் துவைக்க முடியாது, உறையைத் துவைக்கலாம். அதனால் முழு மெத்தையும் உள்ளே போகும்படி, மூன்று பக்கமாவது ஜிப் வைத்த பருத்தி உறை ஒன்று அவசியம். ஆயத்தமாகக் கிடைக்காவிட்டால் காடாத் துணி வாங்கித் தையல்காரரிடம் கொடுங்கள். நல்ல தடித்த காடா பல ஆண்டுகள் உழைக்கும். புதுத் துணியை ஒருமுறை நனைத்து உலர்த்திய பின்பே தைக்கக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் முதல் துவையலில் சுருங்கி, மெத்தை உள்ளே போக மறுக்கும்.

ஈரம் புகாத பிளாஸ்டிக் உறையைச் சிலர் போடுகிறார்கள். வேர்வை உள்ளே இறங்காதுதான், ஆனால் உடம்போடு ஒட்டும், புரளும்போதெல்லாம் சத்தம் போடும். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் தூக்கமும் கெடும்.

5. விரிப்புகள்

கணக்கு எளிது. 36 அங்குல அகலமும் 4 அங்குலத் தடிமனும் உள்ள மெத்தைக்கு, இருபுறமும் இறங்க 8 அங்குலம், அடியில் செருக இருபுறமும் ஆறு ஆறு அங்குலம் என்று மொத்தம் 56 அங்குல அகலம் வேண்டும். கடைகளில் ஒற்றைக் கட்டிலுக்கு விற்கும் 60க்கு 90 விரிப்பின் அகலம் போதும். நீளத்தில் இதே கணக்கு 92 வருகிறது. பருத்தி முதல் துவையலில் சற்றுச் சுருங்கும் என்பதையும் சேர்த்தால் 90 பற்றாது. இரவில் கால்மாட்டில் உருவிக்கொண்டு வரும். 100 அங்குல நீளம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். 90தான் கிடைக்கிறது என்றால் தலைமாட்டில் நன்றாகச் செருகிவிட்டு, கால்மாட்டில் தொங்கவிடுங்கள்.

எத்தனை விரிப்பு? மூன்று. கட்டிலில் ஒன்று, துவைத்தது ஒன்று, அலமாரியில் உலர்ந்தது ஒன்று. பொறியியல் கல்லூரிகளில் முதலாண்டு வகுப்புகள் பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்குகின்றன. படுக்கைக்குப் பழகுவதற்குள் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். வராந்தாக் கொடியில் ஒரு விரிப்பு காய இரண்டு மூன்று நாட்களாகும். மூன்றாவது விரிப்பு அந்த வாரத்துக்கானது.

துணியைத் தேர்வதில் எடையைப் பாருங்கள். கனமான துணி கடையில் உயர்தரமாகத் தோன்றும். நனைந்ததும் அதன் எடை என்னவாகும் என்று யோசியுங்கள். கையால் பிழிய வேண்டியவர் நீங்கள். கரூர், சென்னிமலைப் பக்கத்து நெசவில் வரும் நடுத்தர எடைப் பருத்தி விரிப்புகள் விடுதிக்கு மிகப் பொருத்தம். பாலியெஸ்டர் கலந்த பருத்தி சீக்கிரம் காயும், ஆனால் வேர்வையை அவ்வளவாக உறிஞ்சாது. மழைக்கால விரிப்பு ஒன்றை மட்டும் கலப்புத் துணியில் வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் முழுப் பருத்தியாக வாங்குவது நல்ல ஏற்பாடு.

வாங்கும்போது ஒரு மூலையை இரு கைகளுக்கிடையே கசக்குங்கள். வெள்ளைத் தூள் உதிர்ந்தால் அது கஞ்சி. கஞ்சி போன பிறகு துணி பாதியாக மெலிந்திருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நெசவின் நெருக்கம் தெரியும். நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் மூலையில் தேய்த்துச் சாயம் ஏறுகிறதா என்றும் பாருங்கள். ஏறினால் அந்த விரிப்பு உங்கள் வெள்ளைச் சட்டைகளையும் நனைத்துவைத்த பக்கெட்டிலேயே கெடுத்துவிடும்.

அழுக்குத் தெரியாது என்று கரும்பச்சையும் அடர்நீலமும் வாங்கிக் கொடுக்கிறார்கள். நான் இளநிறத்தையே சொல்வேன். அழுக்குத் தெரிந்தால்தான் துவைக்கத் தோன்றும். மூட்டைப்பூச்சி விட்டுச்செல்லும் கரும்புள்ளிகளும் இளநிறத்தில்தான் முதல் வாரத்திலேயே கண்ணில் படும்.

எலாஸ்டிக் வைத்த விரிப்பு மேல்தட்டுக்காரருக்குப் பெரிய உதவி. ஏணியில் நின்றுகொண்டு நான்கு மூலையையும் செருகுவது எவ்வளவு கடினம் என்பது ஒருமுறை செய்தால் தெரியும். மெத்தையின் மூலை உள்ளே போகும் பையின் ஆழம் மெத்தைத் தடிமனைவிட இரண்டு அங்குலமாவது கூடுதலாக இருக்கட்டும். வெயிலில் காயப்போடும்போது எலாஸ்டிக் நிழல் பக்கம் இருந்தால் நீண்ட நாள் உழைக்கும்.

6. தலையணை

ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளுக்கும் காதுக்கும் இடையிலுள்ள உயரத்தை நிரப்பும் தலையணை வேண்டும். மல்லாந்து படுப்பவருக்கு அதில் பாதி உயரம் போதும். குப்புறப் படுப்பவர் தட்டையானதைத் தேட வேண்டும். கடையில் தலையணையை அழுத்திப் பார்ப்பதைவிட, மேசை மேல் வைத்துத் தலையைச் சாய்த்துப் பாருங்கள். கழுத்து மேலும் கீழும் வளையாமல் நேராக நின்றால் சரி.

இலவம்பஞ்சுத் தலையணையைத் துவைக்க இயலாது, வெயிலில்தான் போட வேண்டும். செயற்கை நார்த் தலையணையைத் துவைக்கலாம். எதுவானாலும் காடாவில் ஓர் உள்ளுறையும், மேலே கழற்றிப் போடும் உறைகள் மூன்றும் வேண்டும். தலைக்கு எண்ணெய் வைப்பவர்கள் உறைக்கு மேல் ஒரு சின்னத் துண்டை விரித்து, அதை மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள் அலசினால் தலையணையில் சிக்கு வாடை ஏறாது. முகப்பரு உள்ளவர்களும் இதைச் செய்யலாம்.

7. போர்வை

சமவெளி ஊர்களுக்கு மெல்லிய பருத்திப் போர்வை ஒன்று, சற்றுத் தடித்தது ஒன்று. கோயம்புத்தூரில் டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளுக்கு இரண்டையும் சேர்த்துப் போர்த்தினால் போதும். ஒரே கனமான போர்வையைவிட இரண்டு மெல்லியவை நல்லது. ஒவ்வொன்றும் ஒரு பக்கெட்டில் அடங்கும், தனித்தனியாகக் காயும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் படிப்பவர்களுக்குக் கம்பளி தேவை. அதைத் துவைப்பதைவிட வெயிலில் உதறிப் போடுவதே அதிகம் என்பதால், உடம்புக்கும் கம்பளிக்கும் நடுவில் ஒரு பருத்திப் போர்வை இருக்கட்டும். டெல்லி போன்ற வட ஊர்களுக்குப் போகிறவர்கள் குளிர்காலத்துக்கான ரஜாயை (பஞ்சு அடைத்த தடித்த போர்வையை) இங்கிருந்து சுமக்க வேண்டாம். நவம்பரில் அங்கேயே வாங்கலாம்.

8. கொசுவலை

சன்னலில் கம்பிவலை இருந்தாலும் கதவு நாள் முழுவதும் திறந்துதான் கிடக்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலிலும் மாலையிலும் கடிப்பது. எனவே மதியம் கண்ணயர்பவர்களும் வலைக்குள்தான் படுக்க வேண்டும். மின்சாரம் போனால் கொசுவிரட்டிக் கருவி நின்றுவிடும், வலை நிற்காது.

சுவரில் ஆணியடிக்க விடுதிகள் அனுமதிப்பதில்லை. கட்டிலின் நான்கு மூலைகளிலும் கம்பு நட்டிருந்தால் தொங்கும் வலையே சிறந்தது. அது விசாலமானது, காற்று வரும். கம்பு இல்லாவிட்டால் தானாக விரிந்து நிற்கும் கூடார வலை. கீழ்த்தட்டுக்காரர் இரண்டாவது படியில் எடுத்த உயர அளவை இங்கே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மேல்தட்டுக்காரர் விரித்த வலைக்கும் மின்விசிறி இறக்கைக்கும் நிறைய இடைவெளி உண்டா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் கூடார வலை அங்கே ஆபத்து.

வலையின் கண்கள் சதுர அங்குலத்துக்கு 156 என்ற அளவு கொசுவைத் தடுக்கப் போதும். அதைவிட மிக நெருக்கமானால் காற்றும் வராது. வெள்ளை வலையில் உள்ளே புகுந்த கொசு சட்டென்று தெரியும். விளிம்பை மெத்தைக்கு அடியில் செருகும் அளவுக்கு வலை நீளமாக இருக்க வேண்டும். தொங்கும் விளிம்பு வழியாக நுழைந்த ஒரு கொசு விடியும்வரை உள்ளேயே இருக்கும்.

9. அறைக்குள் நுழைந்ததும்

படுக்கையை உடனே விரிக்காதீர்கள். பையைக் கட்டிலின் மேல் வைக்காமல் மேசையில் வையுங்கள். கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்து, கைப்பேசி விளக்கில் சட்டத்தின் இணைப்புகள், திருகாணி ஓட்டைகள், பலகையின் அடிப்பக்கம், சுவர் விரிசல்கள் ஆகியவற்றைப் பாருங்கள். விடுதி மெத்தை என்றால் தையல் ஓரங்களை விரித்துப் பாருங்கள். மிளகுத்தூள் சிதறியதுபோல் கரும்புள்ளிகள், உரித்த தோல்கள், வெண்முட்டைகள் இருந்தால் மூட்டைப்பூச்சி இருக்கிறது.

அப்படியானால் எதையும் பிரிக்காமல் வார்டனிடம் சொல்லி மருந்தடிக்கக் கேளுங்கள். வெறும் இரும்புக் கட்டிலாக இருந்தால், வெளியே எடுத்துப்போட்டுக் கொதிநீரை இணைப்புகளில் ஊற்றுவது நன்றாகப் பயன்படும். 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் பூச்சியும் முட்டையும் தாங்காது. மண்ணெண்ணெய் தடவும் பழைய வழக்கம் வேண்டவே வேண்டாம். ஓர் அறையில் நான்கு பேர், நான்கு மின்னேற்றிகள், எரியும் எண்ணெய்.

கட்டில் சுத்தம் என்று தெரிந்ததும் பலகையைத் துடைத்துக் காயவிட்டு, பாய் அல்லது ஜமக்காளம், உறையிட்ட மெத்தை, விரிப்பு, தலையணை, வலை என்ற வரிசையில் போடுங்கள். எல்லாவற்றின் மூலையிலும் அழியாத மையால் பெயரும் அறை எண்ணும் எழுதிவிடுங்கள். மழைநாளில் ஒரே கொடியில் இருபது விரிப்புகள் தொங்கும்போது உங்களுடையது எது என்று தேட வேண்டியிருக்காது.

10. பராமரிப்பும் விடுமுறையும்

விரிப்பு வாரம் ஒருமுறை, தலையணை உறை இருமுறை, போர்வையும் மெத்தை உறையும் மாதம் ஒருமுறை. எழுந்தவுடன் போர்வையைப் படுக்கைமேல் மடித்து வைக்காமல், குளித்துவிட்டு வரும்வரை விரித்தே விடுங்கள். இரவு வேர்வை உலர அந்த அரைமணி நேரம் தேவை. மாதம் ஒருமுறை மெத்தையின் தலைமாட்டைக் கால்மாடாக மாற்றினால் இடுப்புப் பள்ளம் விழாது. இலவம்பஞ்சு மெத்தையை நல்ல வெயிலில் போட்டுத் தட்டுங்கள். ஃபோம் மெத்தையை நிழலில் காற்றாட நிறுத்துங்கள். கடும் வெயிலில் அது மஞ்சளாகிப் பொடிய ஆரம்பிக்கும்.

கோடையில் விடுதிக் கிடங்கில் வைத்துவிட்டுப் போவதானால், முழுதும் காய்ந்த பிறகே மெத்தையைக் கட்டுங்கள். லேசான ஈரம் இருந்தாலும் இரண்டு மாதத்தில் பூசணம் பிடிக்கும். உறையின் ஜிப்பை மூடி, தடித்த சாக்கில் போட்டு, தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். ஃபோம் மெத்தையை இறுக்கிக் கட்ட வேண்டாம். மடிப்பின் போக்கில் தளர்வாக மடித்தால் போதும். விரிப்புகளையும் கொசுவலையையும் ஊருக்கு எடுத்துச் சென்று வெந்நீரில் துவைத்துக் கொண்டுவாருங்கள். திரும்பி வந்ததும் ஒன்பதாவது படியை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும்; கோடையில் அந்த அறையில் வேறு யாராவது தங்கியிருக்கலாம்.